பெண்களுக்கான செருப்பும் ஷூவும்: குமரி மாவட்டத் தரைக்கும் மழைக்கும் ஏற்றபடி தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

செருப்புக் கடைக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் போனில் ஒரு சேலைப் படத்தோடு வருவார்கள். "இதுக்கு மேட்சா ஏதாவது காட்டுங்க" என்பதுதான் முதல் பேச்சு. மார்த்தாண்டம் பக்கம் ஒரு கடையில் பெண்கள் பிரிவைக் கவனிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வரிசை தலைகீழ். நிறம் கடைசி. முதலில் எந்தத் தரையில் நடக்கப் போகிறீர்கள், எங்கெல்லாம் கழற்றப் போகிறீர்கள் என்று பாருங்கள். அப்புறம் பாதம், அளவு, வகை. உடை அதற்குப் பிறகுதான்.

1. கடைக்குப் போகும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு வெள்ளைத் தாள், பென்சில், ஸ்கேல். நன்றாகத் தேய்ந்த பழைய செருப்பு ஒரு ஜோடி. விசேஷத்துக்கு வாங்குவதாக இருந்தால் அந்த உடை. ஷூ என்றால் அதோடு போடும் சாக்ஸ்.

மிஞ்சி போடுகிறவர்கள் மிஞ்சியோடு வர வேண்டும். வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்து, விரல்களை மூடுகிற கட் ஷூவைப் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். மறுநாள் மிஞ்சியோடு போடும்போது இரண்டாம் விரல் அழுந்தி வலிக்கும். கொலுசும் அப்படித்தான். கணுக்கால் வார் உள்ள சாண்டலில் பக்கிளும் கொலுசும் மாட்டிக்கொள்ளும்.

பழைய செருப்பு எதற்கு என்றால், உங்கள் நடையை அது சொல்லிவிடும். திருப்பிப் பாருங்கள். குதிகாலின் வெளிப்பக்கம் கொஞ்சம் தேய்ந்திருந்தால் இயல்பான நடை. உள்பக்கம் அதிகம் தேய்ந்திருந்தால் பாதம் உள்ளே சாய்கிறது. அவர்களுக்குப் பின்வார் உள்ளதோ, குதிகாலை விறைப்பாகப் பிடிக்கிற ஷூவோதான் ஒத்துவரும். மேல்பக்கத்தில் விரல்களின் கறுத்த தடம் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் இத்தனை நாள் ஒரு அளவு சின்னதாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

2. நடக்கும் தரையையும் கழற்றும் இடத்தையும் எழுதுங்கள்

நம் மாவட்டத்தில் இதை விட்டுவிட்டு எதையும் வாங்கக் கூடாது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்யும். ஜூனிலிருந்து டிசம்பர் வரை எந்த மாதமும் உறுதியாகக் காய்ந்த மாதம் இல்லை.

விளவங்கோடு, கல்குளம் பக்கம் மேடும் பள்ளமுமான ஊர்கள். வீட்டுக்கு ஏறுகிற சிமென்ட் படியில் மழைக்காலத்தில் பாசி பிடிக்கும், செம்மண் வழுக்கும். அங்கே இருப்பவர்கள் அடிப்பாகத்தில் ஆழமான கோடு உள்ள ரப்பர் சோல் அல்லாமல் வேறு எதையும் தினசரிக்கு வாங்க வேண்டாம். குளச்சல், முட்டம் பக்கம் மணலும் உப்புக் காற்றும். மலிவான இரும்பு பக்கிள் அங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் காற்றும் புழுதியும். வெல்வெட், ஸ்வேட் போன்றவை அங்கே பழசாகத் தெரிய அதிக நாள் ஆகாது.

அப்புறம், எப்படிப் போகிறீர்கள்? நெரிசல் நேரத்தில் நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறுகிறவருக்குப் பின்வார் இல்லாத செருப்பு ஆபத்து. படி உயரம், பின்னால் இருப்பவர் மிதித்தால் செருப்பு கீழே, கால் மேலே. ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் சிக்னலில் காலை ஊன்ற வேண்டும். குதிகாலிலிருந்து முன்வரை அடி ஒரே கட்டையாக வரும் வெட்ஜ் உயரமாக இருந்து, அதில் ஊன்றினால் தரை சரியாகத் தெரியாது, கணுக்கால் மடங்கும்.

கழற்றும் இடங்களையும் எழுதுங்கள். சுசீந்திரம், நாகராஜா கோவில், மண்டைக்காடு, பத்மநாபபுரம் அரண்மனை, விவேகானந்தர் பாறை எல்லாவற்றிலும் கழற்றித்தான் ஆக வேண்டும். சில தேவாலயங்களிலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஒரே நாளில் நாலு தடவை கழற்றி மாட்ட வேண்டிய பயணத்துக்கு லேஸ் ஷூவோ, முழங்கால் வரை வார் சுற்றுகிற கிளாடியேட்டர் சாண்டலோ போட்டு வந்தால் வரிசையில் பின்னால் நிற்பவர்கள்தான் பாவம். வெல்க்ரோவோ எலாஸ்டிக் பின்வாரோ போதும்.

3. பாதத்தை அளப்பது

மாலையில் அளங்கள். நாள் முழுக்க நின்ற பிறகு பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில் அளந்து வாங்கியது மாலையில் இறுக்கும்.

தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் போட்டு, குதிகால் சுவரைத் தொடும்படி எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் எடை விழாததால் பாதம் சின்னதாகத் தெரியும். நீளமான விரலின் நுனியில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். நீளமான விரல் என்பது எல்லோருக்கும் பெருவிரல் இல்லை. சிலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம். சுவரிலிருந்து அந்தக் கோடு வரை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு காலையும் அளக்க வேண்டும். ஒன்று பெரும்பாலும் சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்கு வாங்குங்கள். சின்ன காலுக்கு உள்ளே ஒரு மெல்லிய இன்சோல் வைத்தால் சரியாகிவிடும். பெரிய காலைச் சின்னதாக்க வழி இல்லை.

அகலம்தான் பலரும் அளக்காதது. விரல்கள் தொடங்குகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால், பாதம் மிக அகலமாக இருக்கும் இடத்தில் அளங்கள். சின்ன வயதில் வெறுங்காலோடு நிறைய நடந்தவர்களுக்கு இந்த இடம் விரிந்திருக்கும். அகலம் போதாததால் ஒரு அளவு பெரிதாக வாங்கிவிட்டு, குதிகாலில் கழன்று விழுகிறது என்று திரும்பி வருகிறவர்கள் இந்த அளவை எடுக்காதவர்கள்.

ஈரக் காலோடு காய்ந்த சிமென்ட் தரையில் ஒரு அடி வையுங்கள். பாதத்தின் நடுவளைவும் சேர்ந்து முழுத்தடமாக விழுந்தால் தட்டைப் பாதம். முழுத் தட்டையான செருப்பு அவர்களுக்குக் கால்வலி தரும். வளைவைத் தாங்குகிற மேடு உள்ளதாகப் பாருங்கள்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்த வழிகாட்டியை வைத்து வாங்க வேண்டாம். செருப்பு கடித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. மருத்துவரிடம் கேட்டு எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு வாங்குவதுதான் சரி.

4. எண்களைப் படிப்பது

நம் கடைகளில் இருக்கும் 4, 5, 6 எல்லாம் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவு. 37, 38, 39 என்று போட்டிருந்தால் ஐரோப்பிய அளவு. பெண்களுக்குப் பொதுவாக 4-க்கு 37, 5-க்கு 38, 6-க்கு 39 என்று கொள்வார்கள். ஆனால் இது அச்சாகப் பொருந்தாது. பிரிட்டிஷ் அளவில் ஒரு எண் கூடினால் சுமார் 8.5 மில்லிமீட்டர் கூடும். ஐரோப்பிய அளவில் ஒரு எண்ணுக்கு 6.7 மில்லிமீட்டர்தான். அதனால் ஒரு கம்பெனியில் 38 சரியாக இருந்தவருக்கு இன்னொன்றில் 39 தேவைப்படலாம்.

வளைகுடாவில் இருக்கும் அண்ணனோ கணவரோ ஷூ வாங்கி வரும் வீடுகள் இங்கே நிறைய. போனில் "என் சைஸ் 6" என்று சொல்லாதீர்கள். அமெரிக்க அளவில் பெண்களுக்கான 6 நம்முடைய 6 இல்லை, ஏறத்தாழ 4. உங்கள் பாதம் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லுங்கள். பெட்டியில் சென்டிமீட்டரும் போட்டிருந்தால் அதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். லக்கேஜில் வந்ததை யாரும் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.

5. வகையைத் தீர்மானிப்பது

தினசரி நடைக்கு முதலில் பாருங்கள், விசேஷத்துக்கு அப்புறம். பலரும் பணத்தை விசேஷச் செருப்பில் போட்டுவிட்டு, வருஷம் முழுக்க நடப்பதற்கு மலிவான ரப்பர் செருப்பை வைத்துக்கொள்கிறார்கள். கால் எதில் அதிக நேரம் இருக்கிறதோ அதற்குத்தான் நல்ல காசு கொடுக்க வேண்டும்.

ரப்பர் செருப்பு: வீட்டுக்கும் கடை வீதிக்கும் சரி. விரலால் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியிருப்பதால் நீண்ட நடைக்கு ஆகாது.

பின்வார் சாண்டல்: நம் ஊருக்கு மிகப் பொருத்தமானது. தண்ணீர் வடியும், காற்று போகும், பஸ்ஸில் கழலாது. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குல வெட்ஜ் அடியோடு வருவது சேலைக்கும் சுடிதாருக்கும் சேரும்.

கட் ஷூ: கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் நேர்த்தியாக இருக்கும். வியர்வை நிற்கும் என்பதால் மெல்லிய, வெளியே தெரியாத சாக்ஸ் போடுங்கள். மழை நாளில் வேண்டாம். உள்ளே போன தண்ணீர் வெளியே வராது.

லோஃபரும் ஸ்னீக்கரும்: நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு, முக்கியமாக நர்ஸ்களுக்கும் ஆசிரியைகளுக்கும். ஸ்னீக்கரில் வெள்ளை அழகுதான், ஆனால் செம்மண் கறை துணியில் ஏறினால் முழுதாகப் போகாது. விளவங்கோடு, கல்குளம் என்று மேற்குப் பக்கத்துக்காரர்கள் துடைத்து எடுக்கக்கூடிய செயற்கைத் தோல் வெள்ளையை வாங்கலாம்.

கோலாப்பூரித் தோல் செருப்பும், ஜுத்தி எனப்படும் வடநாட்டுத் தோல் ஷூவும்: காய்ந்த மாதங்களுக்கு மட்டும். தோல் அடி நனைந்தால் ஊறி, அடுக்குகள் பிரியும். ஜனவரி முதல் மே வரை, மழை இல்லாத நாளில் போடுங்கள். ஜுத்தியில் மரபான வடிவத்துக்கு இடது வலது வித்தியாசம் இருக்காது. போடப் போட அந்தந்தக் காலுக்குப் படியும். அதனால் முதல் நாள் போட்ட காலிலேயே தொடர்ந்து போடுங்கள். உள்ளே ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் மாறாது.

ஹீல்ஸில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். உயரத்தைப் பார்க்கிறார்கள், அடியின் பரப்பைப் பார்ப்பதில்லை. தடித்த கட்டை மாதிரி இருக்கும் பிளாக் ஹீலில் எடை பரந்து விழும், டைல்ஸிலும் மண்ணிலும் நிற்கலாம். கிட்டன் ஹீல் ஒன்றரை இரண்டு அங்குலம்தான், ஆனால் நுனி மெல்லியது, கல் பதித்த நடைபாதையின் இடைவெளியில் மாட்டும். பாயின்ட் ஹீல் ஈர மண்ணில் முளைக்குச்சி மாதிரி இறங்கும். ஹால் வாசலில் காரிலிருந்து இறங்கி அங்கேயே திரும்ப ஏறுகிறவர்களுக்கு மட்டும் அது. வெட்ஜ் மணலில்கூடப் புதையாது, ஆனால் அடி வளையாததால் மேடு ஏறுவது சிரமம்.

பிளாட்ஃபார்ம் ஹீலில் ஒரு கணக்கு உண்டு. பின்னால் மூன்றரை அங்குலம், முன்னால் ஒரு அங்குலம் என்றால் உங்கள் பாதம் சாய்வது இரண்டரை அங்குலத்துக்குத்தான். உயரமும் வேண்டும், விரல்களில் பாரமும் விழக் கூடாது என்பவர்களுக்கு இது உதவும். ஆனால் தரையின் மேடு பள்ளம் காலுக்குத் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

மியூல் எனப்படும் பின்பக்கம் திறந்த ஷூ, கார் வைத்திருப்பவர்களுக்கு.

6. சோலையும் மேல்பாகத்தையும் சோதிப்பது

சோலை நகத்தால் அழுத்திப் பாருங்கள். ரப்பரும், ரப்பர் மாதிரியே இருக்கும் டி.பி.ஆரும் கொஞ்சம் அமுங்கித் திரும்பும், ஈரத்தில் பிடிக்கும். பி.வி.சி. கடினமாக, பளபளப்பாக இருக்கும். ஈர டைல்ஸில் அதுதான் வழுக்கும். ஈ.வி.ஏ. என்னும் நுரைப் பொருளைக் கையில் எடுத்தால் எடையே தெரியாது. நடக்க மெத்தென்று இருந்தாலும் சீக்கிரம் அழுந்தித் தட்டையாகிவிடும்.

ஷூவின் உள்ளே சில சமயம் சின்னப் படங்கள் அச்சிட்டிருக்கும். விரித்த தோல் வடிவம் என்றால் உண்மையான தோல். வெறும் சாய்சதுரம் என்றால் ரெக்சின் போன்ற பிற பொருள். விற்பவர் "ஒரிஜினல் லெதர்" என்று சொல்லும்போது அந்தப் படத்தைப் பாருங்கள்.

முன்பகுதியை மேலே வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தால் சரி. நடுவில் மடிந்தால் அந்த ஷூ பாதத்தைத் தாங்காது, திருப்பி வைத்துவிடுங்கள்.

7. உடையோடு சேர்ப்பது

நிறத்துக்கு முன் கீழ்விளிம்பைப் பாருங்கள். சேலையா, பலாசோவா, பாவாடையா, அதன் விளிம்பு எங்கே முடிகிறது என்பதுதான் ஹீலின் உயரத்தைச் சொல்லும்.

சேலை கட்டும்போது செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கட்ட வேண்டும். வெறுங்காலில் கட்டிவிட்டு ஹீல்ஸ் போட்டால் சேலை தூக்கிக்கொண்டு கணுக்கால் தெரியும். ஆனால் இங்கேதான் இரண்டாம் பகுதியில் எழுதியது திரும்ப வருகிறது. மூன்று அங்குல ஹீலுக்குக் கட்டிய சேலை, கோவில் வாசலில் ஹீலைக் கழற்றியதும் மூன்று அங்குலம் தரையில் இழுபடும், கொசுவத்தை மிதித்து விழுவீர்கள். நடுவில் கழற்ற வேண்டிய நாளில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள்.

சுருக்கு விழும் சுடிதாருக்குக் கணுக்கால் வார் வேண்டாம், துணி அங்கே குவியும். கட் ஷூவும் ஜுத்தியும் நன்றாக இருக்கும். பலாசோவுக்கு வெட்ஜ். தட்டைச் செருப்போடு மழையில் பலாசோ போட்டால் முழங்கால் வரை நனையும். குர்த்தி, லெகிங்ஸுக்கு மெல்லிய வார் சாண்டல். ஜீன்ஸுக்கு எதுவும் சரி.

குள்ளமாகத் தெரிய வேண்டாம் என்பவர்கள் கணுக்காலைச் சுற்றும் தடித்த கறுப்பு வாரைத் தவிர்க்கலாம். அது காலை அந்த இடத்தில் வெட்டிக் காட்டும். உங்கள் தோல் நிறத்துக்கு நெருங்கிய பழுப்பு, முன்னால் சற்றுக் கூர்மையான வடிவம் இரண்டும் காலை நீட்டிக் காட்டும். "ஸ்கின் கலர்" என்று கடையில் எடுத்துத் தரும் வெளிறிய இளஞ்சிவப்பு நம்மில் எத்தனை பேரின் தோலோடு சேர்கிறது? பாதத்தின் மேல் வைத்துப் பார்த்து எடுங்கள்.

சரி, இப்போது நிறம். பழுப்பு, கறுப்பு, மங்கலான தங்கநிறம். இந்த மூன்றும் இருந்தால் அலமாரியில் உள்ள முக்கால்வாசி உடை அடங்கிவிடும். ஓணத்துக்கு உடுக்கும் கசவுச் சேலைக்குக் கறுப்பு பாரமாகத் தெரியும். மங்கலான தங்கநிறமோ இளம்பழுப்போ போடுங்கள். பட்டுக்கு நகையின் நிறத்தைப் பின்பற்றினால் போதும். சேலையின் நிறத்திலேயே செருப்பு தேடி அலைவது வீண். பச்சைச் சேலைக்கு வாங்கிய பச்சைச் செருப்பு வேறு எதற்கும் ஆகாது. கல் பதித்த செருப்பில் ஒவ்வொரு கல்லையும் விரலால் தடவிப் பாருங்கள். தூக்கிக்கொண்டிருக்கும் கல் சரிகையை இழுத்துவிடும்.

8. கல்யாணத்துக்கு வாங்குவது

உடைக்கு அளவு கொடுப்பதற்கு முன் செருப்பை வாங்குங்கள். கவுன் தைப்பதாக இருந்தால் முதல் ட்ரையலுக்கே செருப்போடு போங்கள், விளிம்பை அதற்குத்தான் வெட்டுவார்கள். பலர் கவுன் தைத்த பிறகு வந்து "இரண்டே கால் அங்குலம்தான் வேணும்" என்று கேட்பார்கள். அந்த உயரத்தில் பிடித்ததும் அளவானதும் கிடைப்பது கஷ்டம்.

தேவாலயத்தில் திருமணம் என்றால் உள்ளே செருப்பு அனுமதி உண்டா என்று ஆலயத்தில் முன்கூட்டியே கேளுங்கள். மணவறையில் நடக்கும் திருமணம் என்றால் எப்படியும் வெறுங்கால்தான். அந்த வீடுகளில் ஹீல்ஸ் ரிசப்ஷனுக்கு மட்டும். மேடையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும், அதனால் இரண்டு அங்குல பிளாக் ஹீல், கூடவே நாற்காலிக்குப் பின்னால் ஒரு தட்டைச் செருப்பு.

விருந்தினர்களுக்கும் ஒன்று. மண்டப வாசலில் எல்லோரும் ஒரே மாதிரி தங்கநிறச் செருப்பைத்தான் கழற்றி வைக்கிறார்கள். உள்பக்கம் ஒரு அடையாளம் போட்டு வையுங்கள். மாற்றிப் போட்டுப் போனவர் பெரும்பாலும் நல்லதைத்தான் போட்டுப் போயிருப்பார்.

9. கடையில் போட்டுப் பார்ப்பது

இரண்டு காலிலும் போடுங்கள். கடையில் போட்டிருக்கும் விரிப்பில் நடக்காமல் வெறுந்தரையில் நடங்கள். படி இருந்தால் ஏறி இறங்குங்கள். கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள், வலி நடக்கும்போது தெரியாமல் நிற்கும்போது தெரியலாம்.

மூடிய ஷூவில் நீளமான விரலுக்கு முன்னால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். நடக்கும்போது பாதம் முன்னே நகரும் என்பதால் இந்த இடம். திறந்த சாண்டலில் விரலோ குதிகாலோ விளிம்பைத் தாண்டக் கூடாது.

"எக்கா, போடப் போட லூசாயிரும்" என்பார்கள். பாதி உண்மை. தோல் அகலத்தில் கொஞ்சம் விரியும், நீளத்தில் விரியாது. ரெக்சின் இரண்டிலும் விரியாது. பக்கவாட்டில் லேசாகப் பிடிக்கிற தோல் ஷூவை வாங்கலாம். விரல் இடிக்கிற எதையும் வாங்கக் கூடாது.

ஹீல்ஸை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். இரண்டும் நேராக நிற்க வேண்டும். விரலால் தட்டினால் ஆடக் கூடாது.

10. வீட்டில் பழக்குவது

விசேஷ நாளில் முதல்முறை போடாதீர்கள். வீட்டுக்குள் முதல் நாள் கால் மணி நேரம், அப்புறம் கூட்டிக்கொண்டே போங்கள். தெருவில் போடாமல் இருந்தால் மாற்றிக் கொடுக்கக் கடையிலும் தயங்க மாட்டார்கள்.

கடிக்கும் இடம் தெரிந்ததும் பிளாஸ்டரைப் புண் வருவதற்கு முன் ஒட்டுங்கள். தோல் வாரின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுவது நல்ல பழக்கம்தான், ஆனால் பாதம் படுகிற இடத்தில் படக் கூடாது, வழுக்கும். ஹேர் டிரையரால் சூடாக்குவது வேண்டாம், பசை விட்டுவிடும்.

சோல் வழுக்கினால் செருப்புத் தைப்பவரிடம் முன்பாதிக்கு ரப்பர் ஒட்டச் சொல்லுங்கள். புதிதாக இருக்கும்போதே செய்துவிட்டால் நன்றாக ஒட்டும்.

11. மழைக்காலப் பராமரிப்பு

மே மாதக் கடைசியில் எல்லாச் செருப்பையும் வெளியே எடுத்து ஒட்டு விட்ட இடங்களைத் தைத்து வாங்குங்கள். மழை தொடங்கிய பிறகு தைப்பவரிடம் கூட்டம்.

நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வைத்து ஃபேனுக்குக் கீழே வையுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும், பசை இளகும். கடற்கரைக்குப் போய் வந்தால் சாண்டலை நல்ல தண்ணீரில் அலசி, பக்கிளைத் துடைத்துவிடுங்கள்.

ஹீலின் அடியில் இருக்கும் சின்ன ரப்பர் தேய்ந்து ஆணி தெரிந்தால் உடனே மாற்றுங்கள். அந்த ஆணி டைல்ஸில் வழுக்கும், கீறவும் செய்யும்.

விசேஷச் செருப்பை பிளாஸ்டிக் கவரில் கட்டி அலமாரியில் வைப்பது இங்கே பெரிய தவறு. ஈரம் உள்ளே அடைபட்டு வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். அட்டைப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். அதைவிட முக்கியம், அடிக்கடி எடுத்துப் போடுங்கள். பி.யு. (பாலியூரித்தேன்) சோல் ஈரக் காற்றில் தானாகவே சிதையும். கல்யாணத்துக்கு வாங்கி வருஷக்கணக்கில் பெட்டியிலேயே வைத்திருந்த செருப்பு, தங்கை கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் போவதற்குள் துண்டு துண்டாக உதிர்வது இதனால்தான். நீண்ட நாள் போடாத ஜோடியை விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே எடுத்து, சோலை நன்றாக வளைத்துப் பார்த்துவிடுங்கள். விரிசல் தெரிந்தால் கடைக்குப் போக இன்னும் நேரம் இருக்கும்.